நறுமண எண்ணெய்களை வீட்டில் அளவோடு பாவிப்பது எப்படி? ஆரம்பிப்போருக்கான செய்முறை

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு எண்ணெயும் வாசனையும் புதியவை அல்ல. தடிமன் பிடித்தால் நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதும், காய்ச்சல்காரரின் நெற்றியில் ஓடிக்கொலோன் நனைத்த துணியைப் போடுவதும், சனிக்கிழமையில் நல்லெண்ணெய் வைத்து முழுகுவதும் நமக்குப் பழகிப்போனவை. ஆனால் இப்போது மருந்துக் கடைகளிலும் இணையவழியிலும் 10 மில்லிலீற்றர் போத்தல்களில் கிடைக்கும் நறுமண எண்ணெய், இவற்றைக் கையாளும் அதே கைப்பழக்கத்தோடு கையாளக்கூடிய பொருள் அல்ல. இலையிலும் பூவிலும் பழத்தோலிலும் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஆவியாகும் பொருளை மட்டும் பிரித்து ஒன்றுசேர்த்த செறிவு அது. ஆகவே உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கும் பழக்கத்தை விட்டு, சொட்டுக் கணக்கில் அளக்கும் பழக்கத்துக்கு வர வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு விடயத்தைப் பற்றியதுதான்.

பெரும்பாலான நறுமண எண்ணெய்கள் நீராவி வடிப்பு முறையில் எடுக்கப்படுகின்றன. இலைகளின் ஊடாக நீராவியைச் செலுத்தி, எண்ணெயைச் சுமந்துவரும் அந்த ஆவியைக் குளிரச் செய்தால், நீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். பொதுவாக எண்ணெய் மேலே மிதக்கும். கராம்பு எண்ணெயும் கறுவா எண்ணெயும் நீரிலும் பாரமானவை என்பதால் அடியில் தங்கும். தேசிக்காய், தோடம்பழம் போன்றவற்றின் தோலைப் பெரும்பாலும் வெப்பமின்றிப் பிழிந்தே எடுப்பார்கள். கைதடியில் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படும் சித்த மருத்துவத்தின் தைலங்கள் வேறு வகையானவை: அவற்றில் மூலிகைகளை நல்லெண்ணெய் போன்ற ஓர் எண்ணெயில் காய்ச்சி வடிப்பதால், அடிப்படை எண்ணெய் ஏற்கெனவே அதனுள் இருக்கிறது. தைலத்தை வைத்தியர் சொன்னபடி நேரடியாகப் பூசலாம். நறுமண எண்ணெயை அப்படிப் பூசக்கூடாது.

முதலாம் படி: வாங்குதல்

ஆரம்பிப்பவருக்கு மூன்று போத்தல்கள் போதும் என்பது என் கருத்து: லவெண்டர், யூக்கலிப்டஸ், எலுமிச்சம்புல். பன்னிரண்டு போத்தல்கள் அடங்கிய பரிசுப் பெட்டிகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், அவற்றில் பாதி திறக்கப்படாமலே பழுதாகும். போத்தலின் மேல் தாவரத்தின் இலத்தீன் பெயர், எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விபரம், காலாவதித் திகதி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஃபிராக்ரன்ஸ் ஒயில்’ என்று எழுதப்பட்டிருந்தால் அது செயற்கை வாசனை கலந்ததாக இருக்கலாம். அதைத் தோலுக்கோ வேது பிடிக்கவோ எடுக்க வேண்டாம்.

எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நான் வலியுறுத்துவதற்குக் கறுவாவே நல்ல காரணம். இலங்கையில் ஒரே மரத்திலிருந்து இரண்டு எண்ணெய்கள் வருகின்றன. இலை எண்ணெயில் கராம்பில் இருக்கும் யூஜினோல் மிகுதியாக இருக்கிறது. பட்டை எண்ணெயில் சின்னமல்டிஹைட் மிகுதியாக இருக்கிறது. பட்டை எண்ணெய் தோலை மிக எளிதாகப் புண்ணாக்கவும் ஒவ்வாமையைத் தூண்டவும் கூடியது என்பதால், புதியவர்கள் அதைத் தோலில் பாவிக்கவே வேண்டாம். சமையலுக்குப் போடும் கறுவாதானே என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இரண்டாம் படி: கலத்தல்

நறுமண எண்ணெயைத் தோலில் பூசுவதற்கு முன் வேறோர் எண்ணெயில் கலக்க வேண்டும். இதற்காக விலை கூடிய வெளிநாட்டு எண்ணெய்களைத் தேடத் தேவையில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் தோலில் நன்றாகப் படியும், ஆனால் அதற்கென ஒரு மணம் இருப்பதால் லவெண்டரின் வாசனை சற்று அமுங்கிவிடும். மணம் முக்கியம் என்றால் தேங்காயெண்ணெய் நல்லது, அதுவும் நமது வெக்கையில் பெரும்பாலும் உறையாமலே இருக்கும்.

கணக்கு எளிதானது. ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 20 சொட்டுகள் இருப்பதாகக் கொள்ளலாம். ஆகவே 5 மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு சொட்டு விட்டால், கலவையின் செறிவு கிட்டத்தட்ட 1 வீதம். உடம்பில் பூச 2 வீதம் வரை போகலாம். முகத்துக்கும் வயதானவர்களின் மெல்லிய தோலுக்கும் 1 வீதத்தைத் தாண்ட வேண்டாம். கராம்பு எண்ணெய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை 0.5 வீதத்துக்கு, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கு ஒரு சொட்டுக்கு, மேல் கூட்டக்கூடாது. காய்ச்சல் பாணியுடன் வரும் சிறிய அளவுக் கோப்பையைக் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டால், கண்மதிப்பில் ஊற்ற வேண்டிய தேவை இருக்காது.

தோள்பட்டை, கெண்டைக்கால் உளைவுக்கான ஒரு கலவையைச் சொல்கிறேன். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெய் எடுத்து, ஐந்து சொட்டு லவெண்டரும் ஒரு சொட்டு யூக்கலிப்டஸும் விட்டு, மூடியை இறுக்கி, உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். எண்ணெயைச் சூடாக்க விரும்பினால் நல்லெண்ணெயை மட்டும் முதலில் இளஞ்சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பின்பு சொட்டுகளைச் சேருங்கள். கலந்த பின்னர் சூடாக்கினால் மணம் முழுவதும் குசினியில் நிற்கும், போத்தலில் மிஞ்சாது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டிவிட்டு வந்தவருக்கு இதைப் பூசித் தேய்த்துவிட்டால் உடம்பு இளகும். அதில் பெரும்பங்கு தேய்க்கும் கைக்கு உரியது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: தோலில் பரிசோதித்தல்

கலந்த எண்ணெயில் சிறிதளவை முழங்கையின் உட்பக்கத்தில் பூசி, அந்த இடத்தை இரண்டு நாட்கள் கவனியுங்கள். ஒவ்வாமை உடனே தெரிய வேண்டும் என்றில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் சிவப்பும் கடியும் தோன்றலாம். எரிவு ஏற்பட்டால் முதலில் சாதாரண தேங்காயெண்ணெயால் துடைத்து, பின்பு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நீர் மட்டும் ஊற்றினால் எண்ணெய் போகாது. கண்ணில் பட்டால் மாத்திரம் ஓடும் நீரில் 15 நிமிடம் வரை கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பிழிந்து எடுத்த தேசிக்காய் எண்ணெய் குறித்து ஒரு தனி எச்சரிக்கை அவசியம். அதிலுள்ள சில பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், கொப்புளமும் நாட்பட்ட கருந்தழும்பும் உண்டாகலாம். பங்குனி, சித்திரை வெயிலில் சைக்கிளில் போகும் ஊரில் இந்த எண்ணெயைக் கையிலும் கழுத்திலும் பூசாமல் விடுவதே புத்தி.

நான்காம் படி: அன்றாடப் பாவனை

வேது பிடிக்கும்போது நம்மவர்கள் கை தாராளமாகிவிடுவதைக் காண்கிறேன். நொச்சி இலையைக் கொதிநீரில் போட்டால் அதன் எண்ணெய் சிறிது சிறிதாகவே வெளிவரும்; போத்தலிலிருந்து விடும் சொட்டோ சூடு பட்டவுடன் ஒரேயடியாக ஆவியாகிக் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஆகவே ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கி, உறுதியான மேசையில் வைத்துச் சில நிமிடங்கள் ஆற விட்டு, இரண்டு சொட்டு யூக்கலிப்டஸ் மட்டும் விடுங்கள். துவாயால் தலையை மூடி, கண்களை இறுக்க மூடி, பாத்திரத்திலிருந்து ஒரு முழம் அளவு விலகியிருந்து ஐந்து நிமிடம் மூச்சை இழுத்தால் போதும். மூக்கு திறந்தது போன்ற உணர்வு கிடைக்கும். தடிமனை உண்டாக்கும் வைரசை அது கொல்வதில்லை. இழுப்பு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு யூக்கலிப்டஸ், மெந்தோல், கற்பூரம் ஆகியவற்றை மூக்கருகிலோ முகத்திலோ பூசுவது மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். கொதிநீர்ப் பாத்திரமும் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கக் கூடாத ஒன்றே.

அறைக்கு மணமூட்ட, மின்சாரத்தில் இயங்கும் டிஃப்யூசர் இருந்தால் 100 மில்லிலீற்றர் நீருக்கு மூன்று சொட்டு விட்டு, அரை மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்துங்கள். யன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டும். மின்வெட்டு நேரத்தில் சுடுநீர் ஊற்றிய பீங்கான் கோப்பையில் இரண்டு சொட்டு விட்டாலும் அதே வேலை நடக்கும். படுக்கைக்கு முன் லவெண்டர் மணம் பலருக்கு மனத்தை அமைதிப்படுத்துகிறது. நாட்பட்ட நித்திரையின்மைக்கான சிகிச்சைக்கு அது மாற்று அல்ல. வீட்டில் பூனை இருந்தால் அது வெளியே போக வழி விடுங்கள், ஏனெனில் இவ்வெண்ணெய்களிலுள்ள பல பொருட்களைப் பூனையின் ஈரல் சரியாக வெளியேற்றாது. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு.

தரை கழுவ எலுமிச்சம்புல் எண்ணெய் நன்றாக இருக்கும். நேரடியாக வாளி நீரில் விட்டால் அது மேலே மிதந்து, ஓரிடத்தில் திரண்டு சீமெந்துத் தரையை வழுக்கச் செய்யும். ஆகவே ஒரு மேசைக்கரண்டி திரவ சவர்க்காரத்தில் ஐந்து சொட்டைக் கலக்கிய பிறகே நீரில் சேருங்கள்.

நுளம்புக்கு இவ்வெண்ணெய்களை நம்பலாமா என்று மாரி தொடங்கியதும் கேட்பார்கள். சிட்ரோனெல்லா நுளம்பை ஓரளவு விரட்டும், ஆனால் விரைவாக ஆவியாகிவிடுவதால் அதன் காவல் நீடிப்பதில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு பெருகும் நமது மாவட்டத்தில், சிரட்டையிலும் ரயரிலும் தேங்கிய நீரைக் கொட்டுவதும், நுளம்பு வலை கட்டுவதும், மருந்துக் கடையில் கிடைக்கும் தரமான நுளம்பு விரட்டியைப் பூசுவதும்தான் பாதுகாப்பு.

பல்வலிக்குக் கராம்பு எண்ணெய் சற்று மரத்துப்போகச் செய்வது உண்மை. அதன் யூஜினோலைப் பல் வைத்தியர்களே தற்காலிக அடைப்பில் பாவிக்கிறார்கள். இரண்டு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டைக் கலந்து, பஞ்சை அதில் தொட்டு, முரசில் படாமல் பல்லில் மட்டும் வையுங்கள்; உமிழ்நீரைத் துப்பிவிடுங்கள். இது வைத்தியரிடம் போகும் வரைக்கும்தான். பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டாம். கர்ப்பிணிகளும், வலிப்பு நோய் உள்ளவர்களும், தொடர்ந்து மருந்து எடுப்பவர்களும் எந்த நறுமண எண்ணெயையும் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

எந்த எண்ணெயையும் குடிக்கக் கூடாது, தேநீரிலும் தேனிலும் கலந்துகூட. சில மில்லிலீற்றர் யூக்கலிப்டஸே சிறு பிள்ளைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கப் போதுமானது. தவறுதலாக யாரேனும் குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்காதீர்கள், ஏனெனில் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலவச நோயாளர் காவு வண்டியை அழைத்து, அந்தப் போத்தலையும் கையோடு யாழ். போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள வைத்தியசாலைக்கோ கொண்டு போங்கள்.

ஐந்தாம் படி: பேணுதல்

வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் இவ்வெண்ணெய்களைப் பழுதாக்கும். தகரக் கூரையின் கீழுள்ள அலுமாரியின் மேல்தட்டு இதற்கு மிக மோசமான இடம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மூடிய டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சாதாரண பிளாஸ்ரிக் போத்தலில் மாற்றி ஊற்ற வேண்டாம், சில எண்ணெய்கள் பிளாஸ்ரிக்கையே இளக்கிவிடும். இவை எளிதில் தீப்பற்றுவதால் சாமி விளக்கடியிலும் அடுப்படியிலும் வைக்கக்கூடாது. திறந்த நாளைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். தேசிக்காய், தோடம்பழ எண்ணெய்களை ஒரு வருடத்துக்கு மேல் தோலுக்குப் பாவிக்க வேண்டாம், பழசானவை ஒவ்வாமையைக் கூடுதலாகத் தூண்டும்.

பழுதானதைக் கிணற்றடியிலோ வடிகானிலோ ஊற்றாதீர்கள். நமது குடாநாடு சுண்ணக்கல் நிலம். மேலே ஊற்றுவது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும், சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த கவலையும் அதனால் வந்ததே. மிஞ்சியதை மரத்தூளில் அல்லது பழைய கடதாசியில் ஊற்றிப் பையில் கட்டி, நெருப்பில் போடாமல், குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.