கட்டிய பணத்துக்குத் தாமதப் பதிவு: கடன் அறிக்கையைத் திருத்திய அனுபவம்

வீட்டுக் கடன் விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான், கெடுவுக்கு முன்பே கட்டிய கிரெடிட் கார்டு தொகைக்கு என் கடன் அறிக்கையில் ‘030’, அதாவது 30 நாள் தாமதம், எனப் பதிவாகியிருப்பது தெரிந்தது. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் ஆனால்தான் வங்கி தாமதம் எனத் தெரிவிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியின் சேவை மையமோ பாக்கி இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. கடன் அறிக்கையைத் தயாரிக்கும் கடன் தகவல் நிறுவனத்தில் (சிபில் போன்றது) எழுப்பிய ஆட்சேபமும் மாற்றமின்றி முடிந்தது. வங்கி உறுதிசெய்யாமல் அந்நிறுவனம் எதையும் திருத்த இயலாது.

விடை, பலரும் பார்க்காத அறிக்கையின் ‘தகவல் அளித்த தேதி’ (வங்கி கடைசியாக விவரம் அனுப்பிய நாள்) என்ற கட்டத்தில் இருந்தது. இடையில் வங்கி கார்டை மாற்றிப் புதிய எண் கொடுத்ததால் ஒரே கணக்கு இரண்டாகப் பதிவாகி, பழைய எண்ணின் தேதி மட்டும் மாற்றம் நடந்த மாதத்தோடு நின்றுவிட்டது. பணம் புதிய எண்ணில் வரவாகியிருக்க, தாமதம் பழையதிலேயே தங்கியிருந்தது.

இதை விளக்கி, யூடிஆர் எண்ணையும் (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) இரு கணக்கு அறிக்கைகளையும் இணைத்து வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதினேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதியையும் குறிப்பிட்டேன்; அந்த வரிதான் வேலை செய்தது என்பது என் ஊகம். பழைய கணக்கு மூடப்பட்டதாக மாறி, ‘030’ இருந்த இடத்தில் ‘000’, அதாவது தாமதமில்லை, என வந்தது.