வைக்கோல் பதம்: வீட்டில் சிப்பிக் காளான் படுக்கை போடுவது

கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வைக்கோலுக்குக் குறைவில்லை. காளானுக்கு ஆகிற வைக்கோல்தான் தேடினால் கிடைக்காது. தை, மாசியில் சம்பா அறுத்ததும் வாங்கி, மழை படாத இடத்தில் ஏற்றி வைத்துவிடுவேன். பொன்னிறமாக, மொடமொடவென்று, முகர்ந்தால் வயல் வாசனையோடு இருக்க வேண்டும். வரப்பிலே கிடந்து நனைந்து கறுத்த கட்டை மாட்டுக்குக்கூடப் போட மாட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் போரில் கிடந்ததும் வேண்டாம். மெஷின் அறுப்பு வைக்கோல் நசுங்கி வருவதால் தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். கையடி வைக்கோல் கிடைத்தால் அதற்குத்தான் என் ஓட்டு.

இங்கே நான் சொல்வது வெள்ளைச் சிப்பிக் காளானுக்கு. விதை, அதாவது தானிய மணியில் வளர்த்த வெள்ளை நூல் போன்ற காளான் இழை, அதைப் போட்ட பிறகு செய்கிற வேலையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். படுக்கை, அதாவது வைக்கோலும் விதையும் அடைத்த பை, பிழைப்பதும் பச்சைப் பூஞ்சை பிடிப்பதும் அதற்கு முன்னாலேயே, வைக்கோலின் ஈரத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் அதைத்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

வைக்கோலை இரண்டு விரற்கடை அளவுக்கு, அதாவது 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாக விட்டால் பைக்குள் இடைவெளி விழும், விதை ஒன்றோடொன்று சேராது. கோணிப்பையில் அடைத்து, நல்ல தண்ணீரில் 4, 5 மணி நேரம் ஊறப் போடுங்கள். மிதக்கும், மேலே கல் வையுங்கள். இரவு முழுக்க ஊறினால் என்ன என்று கேட்பார்கள். வெயில் காலத்தில் விடிவதற்குள் புளிப்பு வாசனை வந்துவிடும்.

அடுத்தது வேகவைப்பது. அண்டாவோ டிரம்மோ, 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வந்து, தளதளவென்று கொதி எழும்பாத நிலையில் தீயைப் பிடித்து வையுங்கள். நடுவில் இருக்கும் வைக்கோலும் சூடேறிய பிறகுதான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். இந்தச் சூட்டில் வைக்கோலில் இருக்கும் எல்லாம் செத்துவிடுவதில்லை. சூடு தாங்கும் சில பாக்டீரியா மிஞ்சும், அவை பச்சைப் பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல் காவல் நிற்கும். காளான் இழை ஓட அந்த அவகாசம் போதும்.

ஃபார்மலின், கார்பன்டசிம் என்ற கிருமி, பூஞ்சை கொல்லும் மருந்துகள் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அடுப்பே இல்லாமல் முடிக்கும் முறையும் உண்டு. பெரிய பண்ணையில் செய்வார்கள். பிள்ளைகள் நடமாடும் வீட்டில், சாப்பிடும் பொருளுக்கு, அந்தக் கண்ணெரிச்சல் எனக்கு வேண்டாம்.

வெந்த மூட்டையைத் தூக்கிச் சாய்த்து வைத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். வடிந்த பழுப்புத் தண்ணீர் ஆறினதும் தென்னைக்குப் போகட்டும். டெட்டால் போட்டுத் துடைத்த சிமெண்டுத் தரையில், நிழலில், சுத்தமான தார்ப்பாயில் வைக்கோலைப் பரப்புங்கள். வெயிலில் போட்டால் மேலே சருகாகும், உள்ளே சொதசொதவென்றே இருக்கும். மின்விசிறியும் வேண்டாம், தெருத் தூசியெல்லாம் அதில்தான் வந்து இறங்கும். அரை மணிக்கு ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டு கிளறிவிடுங்கள்.

எப்போது போதும்? ஒரு பிடி எடுத்து முழுப் பலத்தோடு பிழியுங்கள். சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாகியிருக்க வேண்டும். இதில் கணக்குப்படி 65 சதவீத ஈரம் இருக்கும். கையை நம்பாதவர்களுக்குத் தராசு இருக்கிறது: காய்ந்த வைக்கோல் 1 கிலோ எடுத்திருந்தால், பதத்துக்கு வந்தபோது இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் கிலோ நிற்கும். 3 கிலோவைத் தாண்டினால் இன்னும் உலரட்டும். இரண்டே கால் கிலோவுக்குக் கீழே போனால் அதிகம் காய்ந்துவிட்டது. கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளித்துப் பிசறுங்கள். கார்த்திகை மழையில் இந்த உலர்த்தலுக்கு மட்டுமே அரை நாள் போகும். அவசரப்பட்டு ஈரத்தோடு அடைத்தால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி நாறும், கறுப்பு மை வழியும் களைக் காளான் முளைக்கும்.

விதையை வேளாண் பல்கலைக்கழகத்திலோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ விசாரியுங்கள், தனியாரும் விற்கிறார்கள். சோள மணியில் வளர்த்த விதைதான் பெரும்பாலும் வரும். "அண்ணே, இது என்னைக்குப் போட்ட விதை?" என்று கேட்காமல் வாங்காதீர்கள். மணியெல்லாம் பஞ்சு போல வெளுத்திருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளி, பையடியில் மஞ்சள் நீர் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாலிதீன் பை 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் போதும். அடியை நூலால் கட்டி உள்பக்கம் திருப்பினால் அடி வட்டமாக உட்காரும். நடுப்பகுதியில் எதிரெதிரே 1 செ.மீ. அளவில் இரண்டு துளை போடுங்கள். நான் அந்தத் துளைகளில் பஞ்சை லேசாகச் செருகிவிடுவேன், காற்று போகும், ஈ போகாது. வைக்கோல் முழுக்க ஆறியிருக்க வேண்டும், வெதுவெதுப்பு இருந்தால்கூட விதை கருகும். அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு வைக்கோலை அழுத்தி, அதன்மேல் ஓரமாகச் சுற்றி 25 கிராம் விதை. மறுபடி வைக்கோல், மறுபடி விதை. இப்படி நாலைந்து அடுக்கு. கடைசியில் வைக்கோல் மூடி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, வாயை இறுகக் கட்டுங்கள். தொளதொளவென்று இருக்கும் பையில் இழை இடைவெளியைத் தாண்டவே நாளைக் கடத்தும்.

தவிடு சேர்த்தால் விளைச்சல் கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சத்து பச்சைப் பூஞ்சைக்கும் சத்துதான். தவிடு போட்ட கலவையைக் குக்கர் அழுத்தத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கத் தோதிருந்தால் செய்யுங்கள். அண்டாவில் வேகவைக்கிறவர்கள் தவிட்டை மறந்துவிடலாம்.

பைகளை உறி கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது தட்டில் விரல்கடை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடாது. இழை ஓடும்போது படுக்கை தானாகவே சூடேறும், நெருக்கினால் நடுப்பை வெந்துபோகும். அறைச் சூடு 23 முதல் 28 டிகிரி இருந்தால் 15, 20 நாளில் பை முழுக்க வெளுக்கும். மூன்றாம் நாளே விதையைச் சுற்றி வெள்ளை தெரியத் தொடங்கும். பச்சைத் திட்டு கண்டால் பையை அங்கேயே பிரித்துப் பார்க்காதீர்கள். கட்டியபடியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். சித்திரை, வைகாசியில் நான் சிப்பிக்கு விதை வாங்குவதே இல்லை. அந்தச் சூட்டுக்குப் பால் காளான் இருக்கிறது, அதற்கு மேல்மண் போட வேண்டும் என்பதால் வேலை வேறு.

வெளுத்த படுக்கையின் பையைக் கீறி, காற்றோட்டமுள்ள ஈர அறைக்கு மாற்றி, காலையும் மாலையும் புகை போலத் தண்ணீர் தெளியுங்கள். காம்பு நீண்டு குடை சின்னதாக வந்தால் காற்று போதவில்லை. குடையின் ஓரம் மேலே திரும்புவதற்குள் பறித்துவிடுங்கள். விட்டால் வித்துத்தூள் பறந்து இருமல் எடுக்கும், அறைக்குள் மூக்கை மூடிக்கொண்டு போவது நல்லது. மூன்று பறிப்புக்குப் பிறகு மிஞ்சும் வைக்கோல் எருக்குழிக்கு ஆகும், குழி மட்டும் காளான் அறையிலிருந்து தள்ளி இருக்கட்டும், ஈ அங்கிருந்துதான் வரும்.