மேடையில் டிஜிட்டல் கிட்டார் ஆம்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தோட்டக் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்க வரும் தம்பிமார் கையில் இப்போது, கிட்டார் சத்தத்தைக் கூட்டித் தரும் டிஜிட்டல் ஆம்ப்தான். கண்ணாடிக் குழாய்கள் வைத்த பாரமான வால்வ் ஆம்பைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறத் தேவையில்லை, நல்ல விஷயம். ஆனால் ‘டிஜிட்டலை நம்பி மேடையேற முடியாது’ என்று அவர்களே சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் கரண்ட் கொடுத்த விதத்தில்தான். கிட்டாருக்குப் புதுக் கம்பி போடுவது, உபரி வயர் கொண்டுபோவது பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

லைட்டோடு ஒரே வயரில் சொருகுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். போன திருவிழாக் காலத்தில் ஒரு தோட்டத்து மேடை. ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் லைட்டுகள், பேஸ் பொக்ஸின் பவர் ஆம்ப், புகை மெஷின், கடைசியாகத் தம்பியின் கிட்டார் ஆம்ப். புகை மெஷினின் ஹீட்டர் பிடித்ததும் லைட்டுகள் மங்கின. ஆம்பின் திரை அணைந்து, கம்பெனிப் பெயர் மறுபடி தெரிந்தது. அந்தப் பாட்டின் இடையிசை முழுக்கத் தம்பி வாசிக்க வேண்டியது. கீபோர்ட் அண்ணன்தான் சமாளித்தார்.

வால்வ் ஆம்பில் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கினால் சத்தம் சோர்ந்து, பிறகு தேறிவிடும். டிஜிட்டலுக்குள் இருப்பது ஒரு கணினி. வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் புரொசசர் நின்றுவிடும். கரண்ட் சரியானாலும் முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். அதற்குள் பாட்டு அடுத்த சரணத்துக்குப் போயிருக்கும்.

ஆம்பின் பின்பக்கத்தையும் அடாப்டரையும் பாருங்கள். ‘100–240 வோல்ட்’ என்றிருந்தால் நம்முடைய 230 நன்றாக இறங்கினாலும் தாங்கும். ‘230’ மட்டும் என்றால் அவ்வளவு தாங்காது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் 100 வோல்ட் மட்டுமே என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் சொருகவே கூடாது. பிளக் ஆடிக் கரண்ட் விட்டுவிட்டு வந்தால் மட்டும் எதுவுமே தாங்காது. அதற்குக் கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் போதும். அதன் பட்டரியை வீட்டிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள். பவர் ஆம்பை அதில் சொருக யாரையும் விடாதீர்கள்.

ஜெனரேட்டரிலிருந்து தனி வயர் கேளுங்கள். சவுண்ட்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சவுண்ட் செக்கை எல்லா லைட்டும் எரிய, புகை மெஷினும் ஓடச் செய்யுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

இரைச்சல் போகப் பிளக்கின் எர்த்தைக் கழற்றுவது

உயிரோடு விளையாட்டு. கிட்டார் சத்தத்தை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டியான டீஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, இரைச்சலுக்கு அதை அழுத்துங்கள்.

திருவிழா வாரத்தில் ஆம்பின் சொப்ட்வெயரை அப்டேட் பண்ணுவது

வேண்டாம்.

குளிரிலிருந்து வந்த உடனே ஓன் பண்ணுவது

நுவரெலியாக் குளிரில் வேனுக்குள் கிடந்த ஆம்பைச் சனம் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் படியும். உறையோடு அரை மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் திறங்கள்.

மாற்று வழி இல்லாமல் போவது

கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியில் வரும் சத்தத்தைப் போலவே தருவது) உள்ள ஒரு சின்ன பெடல், ஒரு 9 வோல்ட் அடாப்டர், மிக்சருக்குப் போக ஒரு நீள வயர். சவுண்ட் செக்கின்போதே அந்த வயரை மிக்சரில் ஒரு சேனலில் சொருகி, லெவலும் பார்த்து வையுங்கள். ஆம்ப் நின்றால் கிட்டாரைக் கழற்றிப் பெடலில் சொருகுவது மட்டும்தான் பாக்கி இருக்க வேண்டும்.