பழைய டிவிக்கு ஸ்டீரியோ ஒலி: பெட்டியைத் திறக்காமல் செய்யும் முறை

வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் வாங்கிய சாலிடேர், டயனோரா டிவிகள் வேலூர்ப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அன்றைய தூர்தர்ஷன் ஒலி மோனோ, அதாவது ஒரே சேனல், என்பதால், அவற்றின் சர்க்யூட்டில் எங்கே தேடினாலும் இடது, வலது என இரண்டு ஒலிகள் கிடைக்கமாட்டா. செட்டாப் பாக்ஸ் அல்லது டிவிடி பிளேயரின் பின்புறமுள்ள வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகளில்தான் அவை இருக்கின்றன. ஆகவே படத்தை டிவிக்கும், ஒலியை நேராகத் தனி ஆம்ப்ளிஃபையருக்கும் கொடுப்பதே சரியான வழி.

டிவியின் ஸ்பீக்கர் ஒயரிலிருந்து இணைப்பு எடுக்கவே வேண்டாம். பழைய செட்டுகள் பலவற்றில் சேஸிஸே (உள்ளிருக்கும் உலோகச் சட்டமே) 230 வோல்ட் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அந்த ஒயரை ஆம்ப்ளிஃபையரில் சேர்த்தால், அதன் உலோகப் பெட்டியைத் தொடுபவருக்கு உயிரே போகலாம். பிக்சர் டியூபிலும் பெரிய கண்டன்சரிலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பின்மூடியைக் கழற்றாதீர்கள்.

செட்டாப் பாக்ஸ் அல்லது பிளேயரிலிருந்து படம் வரும் மஞ்சள் பின்னை டிவியின் வீடியோ சாக்கெட்டில் செருகுங்கள். ஆன்டெனா சாக்கெட் மட்டுமே உள்ள செட்டாக இருந்தால், வீடியோவை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் ஒன்றை இடையில் வைக்க வேண்டும். வெள்ளையும் சிவப்பும் ஷீல்டு ஒயர் (உலோக வலை சுற்றிய ஒயர்) வழியாக ஆம்ப்ளிஃபையருக்குச் செல்லட்டும். சாதாரண ஒயர் போட்டால் உறுமல் சத்தம் கேட்கும்.

நம் ஊரில் எல்லா மெக்கானிக்குக்கும் பழகிய எல்ஏ4440 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி போர்டே இதற்குப் போதும். கடையில் "ஸ்டீரியோ போர்டு" என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். அதே ஐசியின் இரு சேனல்களையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் இணைத்த போர்டு 19 வாட் தந்தாலும் அதில் ஒரே சேனல்தான் உண்டு, ஸ்டீரியோ முறையிலோ சேனலுக்கு 6 வாட் வரும், ஒரு கூடத்துக்கு அது தாராளம். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் பொருத்துங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் வீட்டுக்குள் எப்படிக் காயும் என்பது நமக்குத் தெரியும். ஐசியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கடைக்காரர் தருவதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகவே போடுங்கள்.

ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். அழகாக இருக்கட்டும் என்று கலர் டிவியை ஒட்டியே வைத்தேன். செய்தி வாசிப்பவரின் ஒரு கன்னம் பச்சையாகிவிட்டது. ஸ்பீக்கரின் காந்தம் பிக்சர் டியூபின் நிறத்தைக் கலைத்துவிடும். இரண்டடி தள்ளி வைத்து, டிவியை அரை மணி நேரம் அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆன் செய்தபோது, உள்ளிருக்கும், காந்தப் பாதிப்பைப் போக்கும் டீகாஸ் காயில் அந்த நிறக் கறையை நீக்கிவிட்டது. சூடு ஆறாமல் உடனே போட்டால் அது வேலை செய்யாது.

கடைசியாக, இரண்டு ஸ்பீக்கரிலும் பிளஸ், மைனஸ் ஒரே மாதிரி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறி அழிந்திருந்தால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்; கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்று மாறியிருந்தாலும் பாட்டின் தாளம் அடிவயிறு இல்லாமல் ஒலிக்கும்.