காவா வேண்டப் போறியளோ, முதல்ல இனத்தின்ர பேரைக் கேளுங்கோ

நல்லூர்த் திருவிழாவுக்கு சிட்னியால வந்த சித்தப்பான்ர பெடியன், "அண்ணை, இப்ப அங்க காவா நிறைய விக்கிறாங்கள், எதை வேண்டிறது" எண்டு கேட்டவன். நானும் அங்க 6 வருசம் இருந்து குடிச்சுப் பழகினனான், அவனுக்குச் சொன்னதை ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களுக்காக இதிலயும் எழுதிறன்.

காவா வெத்திலை, மிளகு குடும்பம், ஆனா குடிக்கிறது வேரை. பிஜி, வனுவாட்டு, தொங்கா, ஹவாய் எண்ட பசிபிக் தீவுச் சனம் உடம்பு இளகி ஆறுதலா இருக்கக் குடிக்கிற பானம். விதையில முளைக்காது, நாங்கள் முருங்கைத் தடி வெட்டி நடுற மாதிரி தண்டை வெட்டித்தான் நடுவினம், அதால ஒரு இனம் எண்டா தலைமுறை தலைமுறையா அதே செடிதான். தின்னவேலிச் சந்தையில போய் சும்மா மாம்பழம் தாங்கோ எண்டு கேக்கிறமோ, கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ அம்பலவியோ எண்டு பாத்துத்தானே வேண்டிறம், காவாவும் அப்பிடித்தான்.

முந்தி எல்லா வேரையும் கலந்து இடிச்சு "காவா" எண்டு மட்டும் பக்கெற்றில போட்டு வித்தவை. 2021 டிசம்பரில ஆஸ்திரேலியா வியாபாரத்துக்கு இறக்க விட்டாப்பிறகு ஆக்கள் பேர் கேட்டு வேண்டத் தொடங்கீட்டினம். வனுவாட்டுவில பெந்தகோஸ்ட் தீவு போரோகு, அம்பாய் தீவு மெலோமெலோ, ஹவாயின்ர ஹிவா, மஹாகேயா, இப்பிடிப் பேர் பக்கெற்றில கிடக்கோ எண்டு பாருங்கோ. எந்தத் தீவு, எத்தினை வருசச் செடி, வேர் மட்டுமோ தண்டுத் தோலும் சேந்ததோ, இதையும் கேளுங்கோ. பதில் சொல்லாத கடையில நான் வேண்டமாட்டன்.

'நோபிள்' எண்ட சொல்லும் முக்கியம், வழமையாக் குடிக்க ஏத்த நல்ல வகைக்குத்தான் அந்தப் பேர். 'டூ டே' எண்டொரு வகை இருக்கு, குடிச்சா 2 நாளைக்கு விடாது, வயித்தைப் பிரட்டும், அதாலதான் அந்தப் பேர். வனுவாட்டு 2002ல சட்டம் போட்டு நோபிளை மட்டும்தான் ஏத்துமதிக்கு விடுது. ஒருக்கா மலிவு எண்டு பேர் இல்லாத பக்கெற் ஒண்டு வேண்டிப்போட்டு அடுத்த நாள் முழுக்க தலை தூக்கேலாமல் படுத்துக் கிடந்தனான், அதுக்குப் பிறகுதான் இவ்வளவும் தேடிப் படிச்சது.

சந்தேகம் எண்டா வீட்டிலயே பாக்கலாம். சின்னக் கண்ணாடிப் போத்தலில ஒரு பங்கு தூள், மூண்டு பங்கு சுத்தமான அசிற்றோன் (கெதியாத் தீப்பிடிக்கிற இரசாயனத் திரவம்), நல்லாக் குலுக்கி அடைய விடுங்கோ, மேல நிக்கிறது வெளிர் மஞ்சள் எண்டா பெரும்பாலும் நோபிள், செம்மஞ்சளா சிவந்தா டூ டே. அடுப்புக்குக் கிட்ட மட்டும் செய்யாதேங்கோ, பாத்திட்டுக் குடிக்காமல் வெளியில ஊத்திவிடுங்கோ.

கரைக்கிறது லேசு. ஆளுக்கு 3 மேசைக்கரண்டித் தூள், மெல்லிய துணியில கட்டி, அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள 10 நிமிசம் தேங்காய்ப்பால் பிழியிற மாதிரிக் கசக்கிக் கசக்கிப் பிழியுங்கோ. கொதிதண்ணி வேண்டாம், வேரில மாப்பொருள் கூட, கஞ்சி மாதிரி இறுகிப்போம். சேத்துத் தண்ணி நிறத்தில வரும், மண் வாசம், கொஞ்சம் கைப்பு. வாயில வைச்ச உடன நாக்கு மரத்துப்போம், பயப்பிடாதேங்கோ, கிராம்பு கடிச்ச மாதிரித்தான். சாப்பிட்டு 3 மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு சிரட்டை அளவு குடிச்சிட்டு 20 நிமிசம் பொறுங்கோ, பிறகுதான் அடுத்தது.

சாராயம், பியரோட சேத்துக் குடிக்கவே கூடாது. ஈரல் வருத்தம் இருக்கிறவை, பிள்ளைத்தாச்சியள், பால் குடுக்கிறவை கிட்டப் போகவேண்டாம், மருந்து எடுக்கிறவை டொக்டரைக் கேக்காமல் தொடவேண்டாம். குடிச்சிட்டு வாகனமும் ஓடாதேங்கோ.

முதல்தரம் எண்டா ஒரு இனத்தில 100 கிராம் மட்டும் வேண்டுங்கோ, ரெண்டு மூண்டு தரம் அதையே குடிச்சுப் பாத்து உடம்பு என்ன சொல்லுது எண்டு கொப்பியில எழுதி வைச்சிட்டுப் பிறகு அடுத்த இனத்துக்குப் போங்கோ, மிச்சத் தூளை ஈரம் படாமல் இறுக்கிற மூடிப் போத்தலில போட்டு இனத்தின்ர பேரை மேல ஒட்டிவிடுங்கோ.