மீன் விடுவதற்கு முன் புதிய தொட்டியைத் தயார் செய்யும் முறை

தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு மறுநாளே மீன்களை விடலாம் என்று மீன் கடைகளில் சொல்வதுண்டு. அந்த ஒரு நாளில் குழாய்த் தண்ணீரின் குளோரின் ஓரளவு வெளியேறும் என்பது உண்மைதான்; ஆனால் புதிய தொட்டியில் மீன்கள் சாவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அவை செவுள் வழியாகவும் கழிவாகவும் வெளியிடும் அம்மோனியா. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரைட்டும் லேசானதன்று, அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுப்பதால், தண்ணீரில் போதிய காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். இந்த பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை என்பதால், அவை தொட்டியில் போதிய அளவு வளரப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் தேவைப்படுகின்றன. மீன் வளர்ப்போர் இப்படி அவற்றை வளர்த்தெடுப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள்.

மலிவான மீன்கள் சிலவற்றை முதலில் விட்டு, அவற்றின் கழிவைக் கொண்டே இதைச் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மீனே இல்லாமல் செய்ய முடிகிறபோது அந்த வதை தேவையற்றது. தொட்டியில் ஃபில்டரைப் பொருத்தி, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைக் கலந்து, வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மீன் கழிவுக்குப் பதிலாக பாக்டீரியாவுக்கு உணவாக லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியா சேர்க்க வேண்டும். 50 லிட்டர் தண்ணீருக்கு இது ஏறத்தாழ 0.3 கிராம் அம்மோனியம் குளோரைடு. அவ்வளவு சிறிய எடையை வீட்டுத் தராசில் நிறுக்க இயலாது; ஆகவே 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 30 மில்லிலிட்டரை எடுத்து ஊற்றினால் கணக்குச் சரியாக வரும். கரைசல் பாட்டிலில் பெயரை எழுதி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

இதற்குப் பின் கண்ணை நம்பாமல் டெஸ்ட் கிட்டை நம்ப வேண்டும்; கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீரிலும் அம்மோனியா நிறைந்திருக்கலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதித்தால், முதலில் அசையாமல் நின்ற அம்மோனியா மெல்ல இறங்குவதும், நைட்ரைட் ஏறுவதும் தெரியும். அம்மோனியா சுழியத்தை நெருங்கும்போதெல்லாம் மீண்டும் கொஞ்சம் சேர்த்து வரவும். நைட்ரைட் இறங்கும் கட்டம்தான் பொறுமையை மிகவும் சோதிக்கும். பலர் இங்குதான் அவசரப்பட்டு மீன் வாங்கிவிடுகிறார்கள்.

அளவுகள் வாரக்கணக்கில் மாறாமல் நின்றுவிட்டால் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பார்க்கவும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்பிய தொட்டிகளில் இது அடிக்கடி நேரும். அம்மோனியா நைட்ரேட்டாக மாற மாறத் தண்ணீரிலுள்ள கார்பனேட்டுகள் தீர்ந்து, பிஎச் 6-ஐ ஒட்டி இறங்கியதும் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. சிறிதளவு சமையல் சோடாவோ, பாதி போர்வெல் தண்ணீரோ கலந்தால் போதும்.

பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக் கற்களிலும் ஒட்டி வாழ்வதே அதிகம். ஆகவே நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது; குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஃபில்டர் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் குறையும் என்பதால், மின்வெட்டு மணிக்கணக்கில் நீளும் ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வைத்திருப்பது நல்லது.

மேற்சொன்ன 2 மில்லிகிராம் அம்மோனியாவைச் சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் காட்டி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். சேர்ந்துள்ள நைட்ரேட்டைக் குறைக்கப் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாளைக்குள் மீன்களைச் சிறு எண்ணிக்கையில் விடத் தொடங்கலாம். முதல் வாரம் நாள்தோறும் சோதித்து, நைட்ரைட் தலைகாட்டினால் அன்று தீனி போடாமல் பாதித் தண்ணீரை மாற்றவும்.