முதல் பேஸ் கிட்டாருக்கு ஸ்ட்ரிங் தேர்ந்தெடுப்பது எப்படி? பிராண்டுக்கு முன் நீளத்தைப் பாருங்கள்

ஸ்ட்ரிங் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எந்த பிராண்ட் நல்லது?” என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். நீளம், தடிமன், சுற்று, உலோகம் என்ற வரிசையில் முடிவெடுத்தால் தப்பான செட் வீட்டுக்கு வராது.

படி 1: ஸ்கேல் நீளம்

ஸ்ட்ரிங் அதிரும் பகுதியின் நீளம்தான் இது. நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் பதியும் பள்ளமுள்ள துண்டு) உள்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) வரை அளந்து, அதை இரட்டிப்பாக்குங்கள். மறுமுனையில் பிரிட்ஜின்மேல் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடில் வரை அளக்க வேண்டாம். சுருதிக்காக ஒவ்வொரு சேடிலும் கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். 34 அங்குலம் வந்தால் லாங் ஸ்கேல், 32 மீடியம், 30 ஷார்ட். ஃபெண்டரின் பிரெசிஷன், ஜாஸ் மாடல்கள் இரண்டும் 34, மஸ்டாங் 30.

படி 2: சுற்று எங்கே முடிகிறது?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. பேஸ் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஒரு எஃகுக் கம்பி, அதன்மேல் அடுக்கடுக்காகச் சுற்று. ட்யூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் திருகு) பக்கம் போகப்போக அது மெலியும். பல செட்களில் அங்கே நிற நூல் சுற்றியிருக்கும். முழுத் தடிமன் நட்டைத் தாண்டியிருக்க வேண்டும், ட்யூனர் தண்டில் சுற்றும் பகுதியோ மெலிந்ததாக இருக்க வேண்டும்.

34 அங்குல பேஸில் ஷார்ட் ஸ்கேல் செட் போட்டால் நூல் சுற்றிய பகுதி நட்டின் மேலோ, ஃப்ரெட்டுகளின் மேலோ வந்து உட்காரும். திறந்த ஸ்வரம் மந்தமாகக் கேட்கும். 30 அங்குலத்தில் லாங் ஸ்கேல் செட் போட்டால் முழுத் தடிமனும் தண்டில் மடங்கும். வெளிச்சுற்று பிளக்கும், மிகத் தடித்த ஈ ஸ்ட்ரிங் தண்டின் பிளவுக்குள் நுழையவே அடம்பிடிக்கும். நான்கு ட்யூனரும் ஒரே பக்கம் உள்ள பேஸில் ஈ தண்டுதான் நட்டுக்கு மிக அருகில் இருக்கும். சிக்கல் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆகவே பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கின் முனையிலுள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்திலிருந்து நட்டு வரை ஒரு நூலை ஓட்டி அளந்து, பாக்கெட்டில் உள்ள சுற்று நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்ட்ரிங் உடலின் பின்பக்கத்திலிருந்து நுழையும் மாடல் என்றால் நூலையும் அதே வழியில் விடுங்கள். உடலின் தடிமனும் சேர்ந்து நீளம் கூடும்.

படி 3: தடிமன்

பாக்கெட்டில் உள்ள தடிமன் எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். 45-65-85-105 அல்லது 45-65-80-100 தான் வழக்கமான நான்கு ஸ்ட்ரிங் செட். இப்போது மாட்டியிருக்கும் தடிமனையே முதல் முறை வாங்குங்கள். லாங் ஸ்கேலில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் நெக்கைச் சுமார் 18 முதல் 23 கிலோ வரை இழுக்கிறது. தடிமன் மாறினால் நெக்கின் வளைவும் மாறும், நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டி வரும்.

விரல் வலிக்கிறதே என்று 40இல் தொடங்கும் மெல்லிய செட்டுக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் காரணம் ஃப்ரெட்டுகளுக்கு மேல் ஸ்ட்ரிங் அதிக உயரத்தில் நிற்பது, அதாவது உயர்ந்த ஆக்‌ஷன்தான். முதலில் அதைத் தாழ்த்துங்கள். ஷார்ட் ஸ்கேலில் இது இன்னும் முக்கியம். அதே கம்பி அதே ஸ்வரத்தில் அங்கே சுமார் 22 சதவீதம் தளர்வாக நிற்கும்; மெல்லிய ஈ ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸுக்கு பி ஸ்ட்ரிங் 125 முதல் 130 வரை.

படி 4: சுற்றும் உலோகமும்

ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது) பளிச்சென்று ஒலிக்கும், விரலுக்குச் சொரசொரப்பு. ஃப்ளாட்வுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது) வழவழப்பு, ஒலி கனமாக, சட்டென்று அடங்கும். பல மாதம் நிலைத்து நிற்கும். ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத) பேஸுக்கு ஃப்ளாட்தான் சரி, ரவுண்ட்வுண்ட் விரல் பலகையை அரிக்கும். ஃப்ளாட் செட்கள் பல விறைப்பானவை. விதிவிலக்கு தோமாஸ்டிக், அதன் ஃப்ளாட் இளக்கமானது.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை நிக்கல் பூசிய எஃகு ரவுண்ட்வுண்ட். டி’அடாரியோ, எர்னி பால் எதுவானாலும் சரி. ரோட்டோசவுண்டின் ஸ்விங் பேஸ் 66 போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட் இன்னும் கூர்மையாகப் பேசும், ஆனால் விரலையும் ஃப்ரெட்டையும் வேகமாகத் தேய்க்கும். கை அதிகம் வியர்ப்பவர்கள் எலிக்சர் போன்ற பூச்சு போட்டதைப் பார்க்கலாம்.

படி 5: மாட்டுவது

ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஸ்ட்ரிங்கைத் தண்டு வரை இழுத்து, அதைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விடுங்கள். அந்த இடத்தில் முதலில் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் நடுக்கம்பியின் மேல் சுற்று நழுவி, புது ஸ்ட்ரிங்கே செத்த ஒலி தரும். பிறகு அதை மீட்க முடியாது. நுனியைப் பிளவின் நடுத்துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக 2 அல்லது 3 சுற்று. ட்யூன் செய்தபின் நட்டுக்கும் சேடிலுக்கும் அருகே கட்டைவிரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். முதல் நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருப்பது இயல்பு.

பின்னர் சேர்த்தது

அகூஸ்டிக் பேஸுக்கான பாஸ்பர் பிரான்ஸ் செட்டை எலெக்ட்ரிக்கில் மாட்டாதீர்கள். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்த பிக்கப் வெண்கலச் சுற்றைச் சரியாக உணராது, சத்தம் மெலிந்து வரும். நைலான் டேப் சுற்றிய செட்டில் இந்தப் பயம் இல்லை, உள்ளே எஃகு இருக்கிறது.

புது செட் போட்டதும் ஒரு ஸ்ட்ரிங் மட்டும் திறந்து வாசிக்கையில் இரைகிறது, ஃப்ரெட்டில் அழுத்தினால் சுத்தமாக இருக்கிறது என்றால் நட்டின் பள்ளத்தைப் பாருங்கள். தடித்த ஸ்ட்ரிங் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கலாம். மெல்லியது அகலமான பள்ளத்தில் ஆடலாம். முதலாவதற்குப் பள்ளத்தை அதற்கான அரத்தால் அகலப்படுத்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், பள்ளம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற நேரும்.